எங்கள் சேமக்காலையைப் பதிவுசெய்து தந்த சேவை: ஒரு மதிப்புரை

வவுனியா நகரில் ஒளிப்படப் பிடிப்பும் அச்சு வேலையும் செய்துவரும் ஒரு சிறிய கடையினர், பழைய சேமக்காலைகளிலும், அதாவது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலும், கோயில் வளவுகளிலும் அடக்கம் செய்யப்பட்டோரின் கல்லறை எழுத்துகளையும், அவர்களைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளையும் பதிவுசெய்து தருவதாகச் சென்ற ஆண்டு அறிவித்திருந்தார்கள். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் சேமக்காலைக்கு அந்தச் சேவையைப் பெற்றோம். பங்குச் சபையின் சார்பில் அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கவனித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அதை நடத்தும் மூவரும் முப்பது வயதைத் தாண்டாத பிள்ளைகள். நான் சொல்லவிருக்கும் குறைகளுள் பாதி, யார் செய்திருந்தாலும் முதல் தடவையில் நேர்ந்திருக்கக்கூடியவை. ஆயினும் இதே வேலையை யாரிடமாவது ஒப்படைக்க எண்ணியிருக்கும் வேறு பங்கினருக்கு, பணத்தைக் கொடுக்கும் முன்னர் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் சேமக்காலை பழையது. நடுவில் நிற்கும் பெரிய சிலுவையைச் சுற்றி முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய மேடைக் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் சீமெந்துக் கல்லறைகள். மதிலோரமாகப் பளிங்கும் வழவழப்பான கருங்கல்லும் பதித்த புதியவை. 2008ஆம் ஆண்டில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தபோது, மரச்சிலுவைகள் ஒன்றுகூட நிற்கவில்லை. மேடைகள் சில பிளந்திருந்தன. உடைமரம் வளர்ந்து வழியை மூடியிருந்தது. எஞ்சியிருந்த எழுத்துகளைத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் கடலுப்பும் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கின்றன. கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2ஆம் திகதி மெழுகுதிரியோடு வரும் பிள்ளைகள் பலருக்கு, தங்கள் பூட்டன் எந்த மேடையின் கீழ் இருக்கிறார் என்பது தெரியாது. ஆச்சிமார் கையைக் காட்டி, ‘அதிலதான் எங்கேயோ’ என்கிறார்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் உறவினர்கள் பணம் அனுப்ப முன்வந்தமைக்கும் இதுவே காரணம்.

கல்லறை எழுத்துகளைத் தொகுப்பது நம் நாட்டில் புதிய வேலையன்று. வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை 1895இல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய நிருவாக அதிகாரியே, இலங்கையிலுள்ள கல்லறைக் கற்களினதும் நினைவுச் சின்னங்களினதும் எழுத்துகளைத் திரட்டி 1913இல் ஒரு பெருந்தொகுப்பாக அச்சிட்டார். நம் காடுகளையும் குளங்களையும் அறிந்த ஒருவர் செய்த வேலை அது என்றாலும், அதில் இடம்பெறுவோர் பெரும்பாலும் ஐரோப்பியர்களே. 1976இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட, தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கமும் ஐரோப்பியர் அடக்கம் செய்யப்பட்ட இடங்களையே தன் கவனத்தில் கொண்டது. இணையத்தில் 1995 முதல் இயங்கும் ஃபைண்ட் எ கிரேவ் போன்ற தளங்களில் எவரும் எந்தக் கல்லறையையும் பதியலாம் என்பது உண்மைதான். ஆனால் பதிவதற்கு முதலில் ஒருவர் நம் ஊருக்கு வந்து, முள்ளை வெட்டி, கல்லைப் படித்தாக வேண்டும். வன்னியிலுள்ள கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதிச் சண்டையின் நினைவாக நாட்டப்பட்டிருந்த கல்லை நினைத்துப் பாருங்கள். வன்னியை ஆண்ட பண்டார வன்னியனைத் தோற்கடித்த ஆங்கிலப் படைத்தலைவன் டிறிபேர்க்கின் வெற்றியைத்தான் அது சொன்னது. யார் கல் நாட்டுகிறாரோ அவருடைய கதையே கல்லில் ஏறும் என்பதை வன்னியில் வாழும் ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை.

கடையினர் வேலையை மூன்று பொதிகளாகப் பிரித்து விலை சொன்னார்கள். முதற்பொதியில் ஒவ்வொரு கல்லறையினதும் ஒளிப்படமும் எழுத்துப் பட்டியலும் கிடைக்கும். இரண்டாவதில் அவற்றோடு வரைபடமும், வாயிலில் பொருத்துவதற்குக் கியூஆர் குறியீடு பொறித்த தகடும், அதன் வழியே திறக்கும் ஓர் இணையப் பக்கமும் சேரும். மூன்றாவதில் முதியோரின் ஒலிப்பதிவுகளும், அவற்றிலிருந்து தொகுத்த கதைகளோடு ஒரு சிறு நூலும் உண்டு. நாங்கள் மூன்றாவதையே எடுத்தோம். எல்லாமாக 145,000 ரூபா. கல்லறை ஒன்றுக்கு என்று கணக்கிட்டால் அது பெரிய தொகையன்று. ஆனால் கதைகளுக்கு எத்தனை நாள் ஒதுக்குவார்கள் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலையைப் பின்னர் கொடுத்தோம்.

முதல் நாள் காலை, வந்திறங்கியவர்களுள் ஒருவர் பிளீச்சிங் பவுடர் எனப்படும் வெளிறற்தூள் கலந்த வாளியோடும் கம்பித் தூரிகையோடும் நேரே பழைய மேடை ஒன்றினருகே சென்று தேய்க்கத் தொடங்கிவிட்டார். நல்ல வேளையாகக் கோயில் மூப்பர் அருகில் நின்றார். சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த எழுத்து நூறாண்டு கழிந்தபின் பிஸ்கட்டைப் போல இருக்கும். கம்பி பட்டால் எழுத்தே தூளாக உதிரும். வெளிறற்தூளின் உப்பு கல்லின் துளைகளுக்குள் இறங்கி, காய்ந்து பளிங்காகும்போது உள்ளிருந்து நெம்பி, மேற்பரப்பைச் செதில் செதிலாகக் கழற்றிவிடும். கடலுப்பு ஏற்கனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நாமும் ஆள் அனுப்புவதாகத்தான் அது முடியும். நல்ல தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை, மூங்கிற் குச்சி, பொறுமை ஆகியவற்றுக்கு மேல் எதுவும் பழைய கல்லுக்குத் தேவையில்லை. தளர்ந்த சாந்துக்கு அவையும் வேண்டாம், தொடாமல் விடுவதே நல்லது. எழுத்தின் மேல் சோக்குக் கட்டியைத் தேய்த்துப் படமெடுப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள் என்பதை அவர்களுடைய நன்மைக்காகவும் எழுதுகிறேன்: வாளி மறுபடி வாகனத்திலிருந்து இறங்கவில்லை.

அன்று நண்பகல்வரை எடுத்த படங்கள் பெரும்பாலும் வீணாயின. உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியாது. கல் முழுவதும் ஒரே வெண்மையாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு செல்வதுபோல ஒளி விழ வேண்டும். அப்போதுதான் அரை மில்லிமீற்றர் பள்ளமும் நிழல் தரும். காலையிலும் மாலையிலும் சூரியன் அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. மற்ற நேரங்களில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பலாம். இருட்டிய பின்னர் ஒரு டோர்ச் லைற்றைத் தரையோடு பிடித்தாலும் போதும். இரண்டாம் நாளிலிருந்து இதை அவர்கள் மிக நேர்த்தியாகச் செய்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பெண்பிள்ளை, எல்லோரும் வெறுங்கல் என்று நம்பியிருந்த ஒரு மேடையின் அருகே பொழுதுபட்ட பின்னர் குந்தியிருந்து, டோர்ச்சை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒரு பெண்ணின் பெயரையும் ‘பிள்ளைப்பேற்றில்’ என்ற சொல்லையும் வெளியே கொண்டுவந்தபோது, மதிலோரம் நின்ற நாங்கள் ஒன்பது பேரும் வாய் திறக்கவில்லை. இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான். அந்தக் கல்லறைக்குப் பின்னர் மறுபடி வருகிறேன்.

எழுத்தைப் படமெடுப்பது ஒன்று, படிப்பது வேறொன்று. பட்டியலின் முதற்பிரதியில் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் ‘கஅஎஅ’ என்று தட்டச்சிட்டு, ‘பட்டப்பெயர் அல்லது ஊர்ப்பெயரின் சுருக்கமாக இருக்கலாம்’ என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். அது பட்டமுமன்று, ஊருமன்று. 1878 என்ற ஆண்டு. தமிழ் எண்களில் ஒன்றுக்கு ககரத்தின் சாயல், ஏழுக்கு எகரத்தின் சாயல், எட்டுக்கு அகரத்தின் சாயல் என்பது பஞ்சாங்கம் புரட்டிய தலைமுறைக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொத்தனார் புள்ளி வைக்காமல் விட்ட மெய்யெழுத்துகள், நெடிலா குறிலா என்று தெரியாத ஏகார ஓகாரங்கள், தும்பிக்கை போல வளைந்த பழைய ணை, லை, றா, னா வடிவங்கள் ஆகியவற்றிலும் இதே தடுமாற்றம் இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னர் அந்த வடிவங்கள் அச்சிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துபோயின. கோயிலுக்கு அண்மையில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு குருவின் கல்லில் இலத்தீன் எழுத்து இருக்கிறது. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர் அவர். அந்தக் கல்லைத் தொடங்கும் ‘ஹிக் யாசெத்’ என்பதற்கு ‘இங்கே கிடக்கிறார்’ என்று பொருள். பட்டியலில் அது சுவாமியாருடைய முதற்பெயராக ஏறியிருந்தது. பிழைகளைத் திருத்த எங்களுக்குப் பன்னிரண்டு மாலைகள் பிடித்தன. ஆகவே பழைய எழுத்தும் பழைய எண்ணும் அறிந்த ஒருவரை, முடிந்தால் இலத்தீன் அறிந்த ஒரு குருவையும், பட்டியலைப் பார்க்க வைப்பதாக முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் பெயர்ப் படிவத்தில் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்ற இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தகப்பனுடைய பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டார்கள். விளைவாக, ஒரே மேடையின் கீழ் இருக்கும் பேரனும் தந்தையும் பாட்டனும் மூன்று வெவ்வேறு குடும்பங்களாகப் பட்டியலில் நிற்கிறார்கள். மணமான பெண்கள் கணவனின் பெயரோடு பதியப்பட்டதால், பிறந்த வீட்டோடு அவர்களுக்கிருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர்கள் இன்னொரு வகையில் சிக்கலானவை. சந்தியாகு, யாக்கோபு, யாகப்பர், சந்தியோகுமையோர் எல்லாம் ஒரே அப்போஸ்தலரின் பெயர்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வடிவம், கல்லில் இன்னொரு வடிவம், வீட்டில் கூப்பிட்டது மூன்றாவது வடிவம் என்று ஒருவரே மூவராகிவிடுவார். கல்லில் உள்ளதை உள்ளபடியே ஒரு கட்டத்திலும், தந்தை, தாய், கணவன் அல்லது மனைவி, வீட்டுப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களிலும் இடும்படி நாங்கள் படிவத்தை மாற்றச் சொன்னோம். மென்பொருளில் மாற்ற முடியாது என்றார்கள். சாதாரண எக்செல் அட்டவணையில் மாற்றித் தந்தார்கள். எக்செல்தான் இப்போது எங்களுக்குப் பயன்படுகிறது.

வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் ஜீபிஎஸ் சில மீற்றர் பிசகும். நம் கல்லறைகளோ ஒரு முழ இடைவெளியில் இருப்பவை. பெரிய சிலுவையிலிருந்து நாடா பிடித்து அளந்து கையால் வரைந்த படமே சரியாக வந்தது. ஆனால் அந்தப் படத்தில் மேற்கு மூலையை ‘வெற்றிடம்’ என்று குறித்திருந்தார்கள். அது வெற்றிடமன்று. ஞானஸ்நானம் பெறும் முன்னரே இறந்த குழந்தைகளையும், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோரையும் முன்பு அங்கேதான் புதைத்தார்கள். தற்கொலை செய்தோருக்குக் கோயில் அடக்கம் இல்லை என்ற பழைய சட்டம் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இல்லை. ஆனால் அந்த மூலையில் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பது முதியோர் சிலருக்குத் தெரியும். அதை எழுதலாமா என்ற கேள்வி எழுந்தபோது, கடையினர் உடனே ஒலிவாங்கியை நீட்டினார்கள். எங்கள் பங்குத்தந்தைதான் கையால் தடுத்தார். உயிரோடிருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சம்மதிக்காமல் அப்பெயர்களை அச்சிடுவதில்லை என்று தீர்மானித்தோம். ‘இங்கும் அடக்கங்கள் உண்டு’ என்ற ஒரு வரியை மட்டும் படத்தில் சேர்த்தோம். இத்தகைய சேவையை வழங்குவோரிடம் எழுத்து வடிவிலான சம்மதப் படிவம் ஒன்று இருக்க வேண்டும். இவர்களிடம் இருக்கவில்லை, நாங்கள் எழுதிக் கொடுத்ததை இப்போது மற்ற ஊர்களிலும் பயன்படுத்துவதாக அறிந்தேன்.

கல்லறையே இல்லாதவர்களை என்ன செய்வது? படிவத்தில் அதற்கு இடமில்லை. கல்லறை எண் இல்லாமல் ஒரு பதிவைத் திறக்கவே மென்பொருள் விடாது. 2008இலிருந்து 2009 மே வரை, எங்கள் ஊரவர்கள் கிளிநொச்சியைக் கடந்து முள்ளிவாய்க்கால்வரை நடந்த வழியில், இறந்தோரைப் பதுங்குகுழிக்குப் பக்கத்திலும் வாய்க்கால் கரையிலும் மூடிவிட்டு நகர்ந்தார்கள். அவர்களுக்காக இன்றும் பெரிய சிலுவையின் அடியில்தான் மெழுகுதிரி ஏற்றுகிறோம். சேமக்காலையில் மிகுதியாக மெழுகு உருகிக் கிடக்கும் இடம் அதுதான் என்பதை எவரும் பார்க்கலாம்; பதிவிலோ அந்த இடம் ‘சிலுவை, சீமெந்து, நல்ல நிலை’ என்று மட்டும் இருந்தது. கல்லில்லாத சாவு வன்னிக்குப் புதிதுமன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கி இந்தக் காட்டு வழியாக நடந்த இந்தியத் தொழிலாளர்கள், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரத்திலேயே விழுந்தார்கள்; அவர்களுக்காக யாரும் எழுத்துப் பொறிக்கவில்லை. மன்னாரில் 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 600 கிறிஸ்தவர்களின் நினைவு, ஆளுக்கொரு கல்லால் அன்றி, தோட்டவெளி வேதசாட்சிகளின் ஆலயத்தாலும் அங்கே நடக்கும் வழிபாட்டாலுமே தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. நாங்கள் கேட்டுக்கொண்டபின், கல்லறை எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘சிலுவையடி’ என்று எழுதி, குடும்பத்தார் தந்த பெயர்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மென்பொருளை ஏமாற்றச் சிறியதொரு தந்திரம் செய்தது அந்தப் பெண்பிள்ளைதான். அதற்கு மேலதிகப் பணம் கேட்கவில்லை.

இனி, நாங்கள் மூன்றாம் பொதியை எடுத்ததன் காரணமாகிய கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வெளிப்பட்ட மேடைக்கு மறுநாள் மாலை ஊரிலேயே வயது முதிர்ந்த ஆச்சியை ஓட்டோவில் கூட்டிவந்தோம். ஒளிப்படக்காரர் அவரைக் கல்லறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி, வெளிச்சம் சரியில்லை என்று இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஆச்சி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ‘தம்பி, படம் எடுத்தது காணும். இஞ்ச வந்து இரு’ என்றார். பிறகு ஒன்றரை மணித்தியாலம் பேசினார். கல்லுக்குக் கீழே இருப்பவள் அவருடைய பாட்டியின் அக்கா. பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அடுத்த வளவில் அப்போது பிள்ளை பெற்றிருந்த இன்னொருத்தி, இரண்டு பிள்ளைகளையும் இரு பக்கமும் போட்டுப் பால் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள் முறை. நான்கு தலைமுறையாகியும் அவர்களுக்குள் கொள்வனை கொடுப்பனை இல்லை. அந்த இரண்டு வீடுகளும் ஏன் சம்பந்தம் செய்வதில்லை என்பது எங்கள் வயதுக்காரர்களுக்கு ஏதோ பழைய காணிச் சண்டை என்றுதான் தெரியும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சண்டையின் காரணம் என்று இரண்டு வளவுகளுக்கும் நடுவிலுள்ள ஒரு வேலியைக்கூட நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்!

அச்சில் வந்த நூலில் அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘இவர் பிள்ளைப்பேற்றின்போது காலமானார்.’ அதன் கீழே ஆச்சியின் அழகான படம், முழுப் பக்கத்தில்.

ஏன் இப்படி என்று கேட்டபோது கடையினர் சொன்ன பதில் நேர்மையானது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்க ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு ஐந்தாறு மணித்தியாலம் ஆகிறது; அந்த நேரத்தைக் கணக்கில் வைத்து விலை சொல்லவில்லை; ஆகவே கல்லில் உள்ளதோடு பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்தோம் என்றார்கள். இதில்தான் அவர்களோடு எனக்கு அடிப்படையில் உடன்பாடில்லை. கல்லில் உள்ளதைத்தான் கல்லே சொல்கிறதே. அதற்கு ஆச்சி எதற்கு? நம்மிடையே ஒருவர் இறந்து 31ஆம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுமலருக்குக் ‘கல்வெட்டு’ என்றே பெயர். தாளில் அச்சிட்டதைக் கல்வெட்டு என்று அழைத்த சமூகம், கல்லில் இடம் போதாத செய்தியை, அதாவது யாருக்கு யார் பிறந்தார், எங்கே பெண் எடுத்தார், யாரை வளர்த்தார், எப்படிப்பட்ட குணம் என்பதையெல்லாம், அந்தத் தாளில்தான் ஏற்றிவைத்தது. பழைய கல்லறைகளுக்கு அந்தத் தாள் இல்லை. முதியோரின் பேச்சை எழுத்தாக்குவது அந்த இல்லாத தாளை இப்போது எழுதுவதற்குச் சமம். விற்க வேண்டிய பொருளே அதுதான். ஒளிப்படம் அதற்கு அட்டை. கடையினரோ அட்டையைத் தடிமனாகவும் உள்ளே நான்கு பக்கமாகவும் செய்து தந்துவிட்டார்கள். தாள் நல்ல தாள் என்பதையும் தைத்துக் கட்டிய முறை உறுதியானது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

பங்கின் மரணப் பதிவேட்டைக் கையாண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடப்பெயர்வின்போது துணிப்பையில் சுற்றிக் காவப்பட்ட பழைய ஏடுகள் அவை, விளிம்புகள் உதிர்கின்றன. தட்டையாக அழுத்தி ஸ்கான் செய்யாமல், ஏட்டைப் பாதி திறந்து தலையணையில் வைத்து மேலிருந்து படமெடுத்தார்கள். இறந்தவரின் வயது, நோய், இறுதி அருட்சாதனங்கள் பெற்றாரா என்பவை அங்கே இருப்பதால், கல்லில் பெயர் மட்டும் எஞ்சியவர்களுள் பலரை அடையாளம் காண முடிந்தது. அண்மைக் காலத்து ஏடுகளைக் கொடுக்கப் பங்குத்தந்தை மறுத்துவிட்டார். அது சரியான மறுப்பு.

கோப்புகளை ஒப்படைத்த முறையில் இன்னும் இழுபறி இருக்கிறது. முதலில் ஒரே ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, மீதி எல்லாம் இணையப் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள். இணையப் பக்கத்தின் ஆண்டுக் கட்டணத்தை இரண்டாம் ஆண்டிலிருந்து நாங்கள் செலுத்த வேண்டும் என்பது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. கியூஆர் குறியீடு என்பது ஒரு முகவரி மட்டுமே. அந்த முகவரியில் வீடு இல்லாமற் போனால் வாயிலில் இருக்கும் தகடு வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். போதாததற்கு, அவர்கள் ஒட்டித் தந்த தாள் ஆறு மாத வெயிலில் வெளிறிவிட்டது. ஆகவே வடிகட்டாத மூலப் படங்களையும் முழு ஒலிக் கோப்புகளையும் வலியுறுத்திக் கேட்டு வாங்கி, பங்குமனையில் ஒரு பிரதி, மன்னாரில் ஒரு பிரதி, வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் ஒரு பிரதி என்று பிரித்து வைத்தோம். திருத்திய பட்டியலையும் நூலையும், 2005 முதல் ஈழத்து ஆவணங்களையும் நினைவுமலர்களையும் எண்ணிமப்படுத்திவரும் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்துக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். கடை மூடப்பட்டாலும் அங்கே இருக்கும்.

மீண்டும் இவர்களிடம் கொடுப்பேனா என்று பக்கத்துப் பங்கின் சபைத் தலைவர் கேட்டார். முதற்பொதிக்குக் கொடுப்பேன், தயங்காமல். அந்த டோர்ச் வெளிச்சத்தைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை அவர்களோடு இருக்கும்வரை. ஊரிலிருந்து ஒருவர் எந்நேரமும் உடன் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. வரைபடத்தை நாடா பிடித்து நாமே வரைந்துவிடலாம். இரண்டாம் பொதி தேவையில்லை. மூன்றாவதை எடுப்பதானால், எத்தனை மணித்தியால ஒலிப்பதிவு, அதில் எவ்வளவு எழுத்தாக்கப்படும், எழுதியதைப் பேசியவருக்கு வாசித்துக் காட்டுவது யார் என்பவற்றை எழுதி வாங்கிய பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும். விலை கூடினால் கூடட்டும். ஆச்சிமார் கச்சான் காற்றைவிட விரைவாகப் போய்விடுகிறார்கள்.

நூலின் இரண்டாம் பதிப்புக்கு 38,000 ரூபா கேட்டார்கள்; பாதியைத் தாங்களே ஏற்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தாக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களிடம் இருப்பது 11 மணித்தியாலம் 40 நிமிட ஒலிப்பதிவு. நானும் என் மருமகளும் மாலையில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுகிறோம். இப்போது நான்காவது மணித்தியாலத்தில் நிற்கிறோம். அதில் ஆச்சி அந்தப் பால் கொடுத்தவளின் பெயரைச் சொல்கிறார். சரியாக அந்த இடத்தில் ஓட்டோ ஒன்று கடந்துபோகிறது. பெயர் ‘மதலே’ என்று தொடங்குவது மட்டும் கேட்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆச்சியிடம் போய்க் கேட்க வேண்டும்.